கோசோங்

பலதுறை மருந்தகத்தின் பலகையில்
என் எண் விழ ஒரு மணி பதினேழு நிமிடம்.
மருத்துவருக்கு என் மகன் வயதிருக்கும்.
"இன்னும் நோய் இல்லை ஆண்ட்டி,
எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள்" என்றார்.
ஐம்பத்தொரு வயதில்
எந்தக் கோட்டில்தான் நிற்கவில்லை நான்?

அன்று மாலை புளோக்குக்குக் கீழே
முப்பது வருடப் பழக்கம் நாக்கில் வந்து நின்றது.
விழுங்கிவிட்டுச் சொன்னேன்:
கோப்பி ஓ கோசோங்.
டோ அங்கிள் கரண்டியை நிறுத்தினார்.
என்னைப் பார்த்தார்.
டின்பாலைப் பார்த்தார்.
இருவருக்கும் சேர்த்து ஒரு "ஹம்".

கோசோங் என்றால் வெறுமை.
சுழியத்துக்கும் அதே சொல்தான்.
மலாய்க்காரர்கள் தொலைபேசி எண் சொல்கையில்
நடுவில் சாதாரணமாக வந்துபோகும்,
யாரும் துக்கம் விசாரிப்பதில்லை.

மகனுக்கு மெல்பர்னில் வேலை. அவன் அறை கோசோங்.
கப்பல் நிறுவனத்தில் என் மேசையும்.
இருபத்திரண்டு வருடத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி கொடுத்தார்கள்.
கற்றாழைத் தொட்டி மட்டும் அதில் அடங்கவில்லை.
மடியில் வைத்துக்கொள்ள இடமில்லாமல் எம்ஆர்டியில் நின்றேன்.
பள்ளிச் சீருடையில் ஒரு பையன் எழுந்து இடம்கொடுத்தான்,
எனக்கா, செடிக்கா, தெரியவில்லை.
இருவரும் உட்கார்ந்தோம்.

முதல் மிடறு கசந்தது.
மறுநாளும் கசந்தது.
மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை,
மேசையெல்லாம் சாரல் தெறிக்க
கோப்பைக்குள் கோப்பி இருந்தது.
கருக வறுத்து, வெண்ணெய் மணந்து,
இத்தனை காலம் பாலுக்கும் சீனிக்கும் பின்னால்
கைகட்டி நின்றிருந்த கோப்பி.
"இன்றைக்கு நன்றாயிருக்கிறது" என்றேன்.
"தினமும் இதே தூள்தான்" என்றார் டோ அங்கிள்.

சனிக்கிழமை ஏழரை மணி, யீஷூன் நீச்சல் குளம்.
பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பில்
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர்,
தண்ணீரைக் கண்டாலே சிரித்துவிடும் தையற்காரம்மா,
முழங்கால்வரை மூடிய நீல உடையில்
விலைச்சீட்டைக் கத்தரிக்க மறந்த நான்.

ரோட்டர்டாம், சிட்டகாங், டர்பன்:
எத்தனை ஆயிரம் டன்
என் கையெழுத்தில் மிதந்து போயிருக்கும்.
தீவில் பிறந்தேன், தீவில் பிள்ளை பெற்றேன்,
இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறவிட்டதில்லை.

பயிற்சியாளர் ஹஸ்லிண்டாவுக்கு இருபத்தாறு.
என் முதுகின் கீழே அவளுடைய இரண்டு விரல்.
"ஒன்றும் செய்யாதீர்கள் ஆண்ட்டி. சும்மா படுங்கள்."
சும்மா இருக்க மட்டும்
எனக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

காதுகள் மூழ்கின.
உலகம் பக்கத்து அறைக்குள் போய்
கதவைச் சாத்திக்கொண்டது.
மேலே வானம். வானத்தின் ஓரத்தில் ஒரு புளோக்.
பதினோராம் மாடியில் யாரோ
தலையணை உறையை உதறுகிறார்கள்.
விரல்கள் எப்போது விலகின?
நான்கு வினாடி.
(ஐந்து என்று சொல்ல ஆசைதான்.)
பிறகு மூக்கில் குளோரின், இருமல்,
தையற்காரம்மாவின் கைதட்டல்.

வீட்டுக்கு வந்தேன்.
ஒரு மூங்கில் கழியே அதிகமாகிவிட்ட வீட்டில்
அலமாரிக்குப் பின்னால் தூசியேறிச் சாய்ந்திருந்த
இரண்டாவது கழியை எடுத்துத் துடைத்தேன்.
நீளம் முழுக்க
ஒரே ஒரு நீச்சலுடை.
சரியாகப் பிழிய இன்னும் வரவில்லை.

எட்டாம் மாடியிலிருந்து மிசஸ் கோவின் குரல்:
"மேலே யாருடைய தண்ணீர் இது?
என் ஜன்னலெல்லாம் சொட்டுகிறது!"

ஈரத்தலையோடு எட்டிப் பார்த்து
"என்னுடையதுதான்!" என்றேன்,
மன்னிப்புக்குத் தேவையானதைவிடக்
கொஞ்சம் சத்தமாக.